நோவுக்குச் சைகை இல்லாத ஊர்

வெள்ளாங்காட்டுப்புதூரில் கரண்டு இருக்கிறவரைக்கும் குழந்தைகள் தூங்கும். கரண்டு போனால் வீரிட்டு அழுதுகொண்டு எழுந்துவிடும். நானூறு விசைத்தறிகள் ராத்திரி பகலாகத் தடக்கு தடக்கென்று அடிக்கிற ஊரில், அந்தச் சத்தத்துக்குள்ளேயே கருவாகி, அந்தச் சத்தத்துக்குள்ளேயே பிறந்து, முதல் பல் முளைத்து, முதல் அடி வைத்து வளர்கிற பிள்ளைகளுக்குச் சத்தம் நின்றால்தான் பயம். பெரியவர்களும் ஏறக்குறைய அப்படித்தான்.

அந்த ஊரில் வாய்ப்பேச்சு பாதி, கைப்பேச்சு பாதி. இரண்டு விரலைக் கத்தரி மாதிரி ஆட்டினால் நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம். முஷ்டியை ஆட்டினால் தார் தீர்ந்துவிட்டது, கட்டைவிரலை வாய்க்கு நேரே கொண்டுபோனால் டீ வந்துவிட்டது, மூக்கின்மேல் விரல் வைத்தால் முதலாளி வருகிறார், இரண்டு கை விரல்களையும் ஒன்றுக்குள் ஒன்று கோத்துப் பின்னிக் காட்டினால் நூல் சிக்கிக்கொண்டது. பெண் கேட்பதும் கையால்தான், சண்டை போடுவதும் கையால்தான். தூரத்திலிருந்து பார்க்கிற வெளியூர்க்காரருக்கு இரண்டு பேர் டான்ஸ் பழகுகிறார்கள் என்றுதான் தோன்றும். எல்லாவற்றுக்கும் சைகை வைத்திருந்த ஊர், நோவுக்கு மட்டும் சைகை வைக்கவில்லை. தறி ஓடும்போது நோவைப் பற்றிப் பேச யாருக்கும் நேரமிருந்ததில்லை, அதனால் தேவைப்படவில்லை.

அந்த ஊரில்தான் துளசிமணி தார் சுற்றிக்கொண்டிருந்தாள். தார் என்பது ஊடைக்கு, அதாவது துணியில் குறுக்கே ஓடுகிற இழைக்குப் போகிற நூலைச் சிறு குச்சியில் சுற்றிக் கொடுப்பது. அவள் சுற்றிய தாரை அதே பட்டறையில் அவள் புருசன் சென்னியப்பன் தறியில் ஓட்டுவான். மூன்றாவது படிக்கிற ஒரு மகள், மிதுனா. ஒரு மாமியார், நாச்சாயம்மாள். குறை சொல்ல ஒன்றுமில்லாத குடும்பம். உடம்புதான் குறை சொன்னது. ஆறு வருசமாகக் காலையில் எழுந்தால், ராத்திரி யாரோ அவள் உடம்பை இரவல் வாங்கிக்கொண்டு போய்க் கல் சுமந்துவிட்டு, துடைக்காமல்கூடத் திருப்பிக் கொடுத்த மாதிரி இருக்கும். தோள் நோகும், இடுப்பு நோகும், ரவிக்கைத் தையல் பட்ட இடம் நோகும், மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டால் அதுவும் நோகும். போதாததற்குக் காதுக்குள் ஒரு சத்தம். அடுப்பில் வைத்த தண்ணீர் கொதி வருவதற்குச் சற்று முன்னால் ஒரு சீறல் பிடிக்குமே, அந்தச் சத்தம். ஆனால் அவள் காதில் வைத்த தண்ணீருக்கு ஒருநாளும் கொதி வந்ததில்லை.

ரத்தம் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், எல்லாம் நார்மல் என்று வந்தது. கடைசியில் ஈரோட்டில் ஒரு டாக்டர் உடம்பில் பதினெட்டு இடங்களில் விரலால் அமுக்கிப் பார்த்தார். பதினெட்டிலும் அவள் "ஸ்" என்றாள். "இதுக்குப் பேரு ஃபைப்ரோமயால்ஜியாம்மா. காதுச் சத்தமும் இதோட சிலருக்கு வர்றதுதான். வெளியில சத்தம் எதுவும் இல்ல, உங்களுக்கு மட்டும்தான் கேக்கும்" என்று மாத்திரை எழுதி, மாதம் ஒருமுறை வரச் சொன்னார்.

"பேரு என்னமோ ஊட்டி மலர்க்கண்காட்சியில வெச்ச செடியாட்ட நல்லாத்தான் இருக்குது" என்றாள் நாச்சாயம்மாள். "பாக்கறதுக்கு நீயும் நல்லாத்தானே அம்மிணி இருக்கறே?"

அங்கேதான் வினை. வெள்ளாங்காட்டுப்புதூரில் ஒருவருக்கு உடம்பு சரியில்லையென்றால் ஊரே ஹார்லிக்ஸ் பாட்டிலும் பன்னும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு போய், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, எங்கே நோகுது, எப்ப இருந்து நோகுது என்று விசாரித்துவிட்டு வருவது முறை. பக்கத்து வீட்டுப் பூங்கோதைக்குப் பித்தப்பையில் கல் எடுத்தபோது பதினோரு ஹார்லிக்ஸ் சேர்ந்தது. எடுத்த கல்லை அவள் ஒரு குட்டி பாட்டிலில் போட்டு வைத்திருந்தாள்; வந்தவர்களெல்லாம் அதைக் கையில் வாங்கி, குலுக்கிப் பார்த்து, "அப்பப்பா" என்று திருப்பிக் கொடுத்தார்கள். துளசிமணியிடம் பாட்டிலில் போட்டுக் குலுக்கிக் காட்ட ஒன்றுமில்லை. ஆறு வருசத்தில் ஒரு பன் பாக்கெட்டுகூட அந்த வீட்டு வாசற்படி ஏறவில்லை. அவள் ஹார்லிக்ஸுக்கு ஏங்குகிறவள் அல்ல, அந்த வாசமே அவளுக்கு ஆகாது. யாராவது ஒருத்தர் வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "எங்க அம்மிணி நோகுது?" என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ஒன்றை மட்டும் தார் சுற்றுகிற நேரமெல்லாம் மனசுக்குள் சுற்றிக்கொண்டிருந்தாள்.

ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, பராமரிப்புக்கென்று பதினோரு மணிக்குக் கரண்டை நிறுத்தினார்கள். நானூறு தறிகளும் நின்றன. குழந்தைகள் அழுவதற்கு வாயைத் திறந்தன. திறந்த வாய் திறந்தபடியே நிற்க, ஒன்றும் அழவில்லை. ஊருக்குள் எங்கேயோ ஒரு சத்தம் மெல்லியதாக, இழுத்துக் கட்டின நூல் மாதிரி, அறுபடாமல் ஓடிக்கொண்டிருந்தது.

டிரான்ஸ்பார்மர் என்றார்கள், இல்லை. தேன்கூடு என்றார்கள், இல்லை. கேஸ் சிலிண்டர் என்று நாலு வீட்டில் அடுப்பை மூடிப் பார்த்தார்கள். சத்தத்தைப் பிடித்துக்கொண்டே நடந்து நடந்து, கூட்டமாகப் பட்டறைக்குள் வந்தார்கள். முதலாளி ஈஸ்வரமூர்த்தி முன்னால் வந்தார்.

"ஏம்மா துளசிமணி, தார் மிசினை நிறுத்தலையா?"

"கரண்டே இல்லீங்களே மொதலாளி, எப்பிடிங்க ஓடும்?"

தறி பிட்டர் ரங்கராஜ் மிசினில் காதை வைத்துப் பார்த்தான், மோட்டாரில் வைத்துப் பார்த்தான், தூணில் வைத்துப் பார்த்தான், கடைசியில் துளசிமணியின் தலைக்குப் பக்கத்தில் வந்து நின்று, ஸ்பேனரால் தன் முதுகைச் சொறிந்துகொண்டே சொன்னான்: "பேரிங்கெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது. சத்தம் இந்த அக்காகிட்ட இருந்து வருதுங்க. ரெண்டு காதுலயும். சோத்துக்கைப் பக்கம் சித்தெ எச்சாவே கேக்குது."

துளசிமணி நூலை விட்டுவிட்டாள். "உங்களுக்குக் கேக்குதா? நெசமாலுமே கேக்குதா?" என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக் கேட்டு, அவர்கள் தலையாட்ட ஆட்ட, சிரித்தாள், சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஆறு வருசத்துக்கு அப்புறம் பாட்டிலில் போட்டுக் காட்ட அவளுக்கும் ஒன்று கிடைத்துவிட்டது.

யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. இதனால் நூலுக்குக் கெடுதல் வருமா என்று ஈஸ்வரமூர்த்தி கேட்டார். வராது என்று ரங்கராஜ் சொன்னான். அப்படியென்றால் சரி என்று எல்லோரும் கலைந்தார்கள். மறுபடி கரண்டு வந்தது, தறிச்சத்தம் வந்து அந்தச் சத்தத்தை மூடிக்கொண்டது, துளசிமணி அன்றைக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போய்க் கட்டில் விரிப்பை மாற்றிப் போட்டாள். வருகிறவர்கள் உட்கார வேண்டுமே.

வந்தார்கள். அடுத்த மின்வெட்டிலேயே வந்தார்கள். முதலில் நாலு பேர் கைக்குழந்தைகளோடு வந்து, துளசிமணியைச் சுற்றிப் படுக்கப் போட்டுவிட்டு, "சித்தெ நேரம் பாத்துக்க அம்மிணி, நீ பக்கத்துல இருந்தாப் போதும், தூங்கிரும்" என்று கடைக்குப் போனார்கள். தூங்கத்தான் செய்தன. பிறகு பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் வந்தார்கள். அந்தச் சத்தத்தில் படித்தால் பாடம் கரையாமல் நிற்கிறதாம். பிறகு பாண்டு செட்டுக்காரர்கள் வந்து, அவள் காதுக்குப் பக்கத்தில் கிளாரினெட்டை வைத்துச் சுதி சேர்த்துக்கொண்டு போனார்கள். புதுத்தறி இறக்கினால் ரங்கராஜ் வந்து கூட்டிப்போவான். துளசிமணி பக்கத்தில் நின்று, தறியின் சத்தமும் அவள் சத்தமும் ஒட்டிப்போனால்தான் பேரிங் சரி. பூங்கோதை மட்டும் தன் கல் பாட்டிலைக் கொண்டுவந்து, "என்ரதும் இருக்கட்டும்" என்று அலமாரியில் வைத்துவிட்டுப் போனாள். அதற்கப்புறம் யாரும் அந்தக் கல்லைக் குலுக்கிக் கேட்கவில்லை.

மின்வெட்டு எப்போது வரும் என்று காத்திருப்பது சரிப்படவில்லை. ஊர் கூடிப் பேசி, சாயங்காலம் ஆறு மணிக்கு அரைமணி நேரம் எல்லாத் தறியையும் நிறுத்துவது என்று முடிவாயிற்று. துளசிமணி வீட்டு வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள், வேப்பமரத்தடி வரைக்கும் பாய் விரித்தார்கள். ஆறு மணிக்கு ஊர் வந்து உட்காரும், கண்ணை மூடும், சத்தம் ஓடும். முப்பது வருசத்தில் முதல்முறையாக ஊருக்கு அமைதி என்ற ஒன்று கிடைத்தது. தங்கள் வீட்டுக் கதவு கிரீச்சிடுவது பலருக்கு அப்போதுதான் தெரிந்தது. தன் பெண்டாட்டிக்கு இவ்வளவு நல்ல குரலா என்று ஒருவர் அறுபதாவது வயதில் வெட்கப்பட்டார்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த துளசிமணிக்கு மட்டும் இதெல்லாம் புதிதில்லை. அரைமணி அசையாமல் உட்கார்ந்தால் இடுப்பு இரும்பாகிவிடும். அதிலும் ஒரு கொடுமை, நோவு எச்சாக இருக்கிற நாளில் சத்தமும் எச்சாக இருக்கும். எழ முடியாமல் எழுந்து, பல்லைக் கடித்துக்கொண்டு வந்து உட்காருகிற நாளில்தான் ஊர் அவளைப் பாராட்டும்: "இன்னிக்கு என்னமா இருந்துச்சு அம்மிணி! கடைசித் தெரு வரைக்கும் கேட்டுச்சு!"

ஒருநாள் தாளாமல், கூட்டம் கலைகிற நேரத்தில், "இது நோவுல வர்ற சத்தமுங்க. எனக்கு உடம்பெல்லாம் நோகுதுங்க" என்று சொன்னாள். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"அப்பிடிச் சொல்லாத சாமி" என்று நாச்சாயம்மாள் அவள் வாயைப் பொத்தினாள். "குடுத்தவனுக்குக் காது கேக்கும். கொறை சொன்னா எடுத்துட்டுப் போயிருவான்." மறுநாள் மாத்திரை அட்டை அலமாரியில் இல்லை, சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. ஒளித்து வைக்கவில்லை, ஒப்படைத்து வைத்திருக்கிறேன் என்றாள் மாமியார். டாக்டரைப் பார்க்க வேண்டிய தேதி வந்தபோது சென்னியப்பன் தலையைச் சொறிந்தான். கெட்டவன் இல்லை, ஆறு வருசமும் பைக்கில் வைத்து ஊர் ஊராகக் கூட்டிப்போனவன். "அடுத்த மாசம் போலாமே துளசி. மாத்திரை போட்டு நின்னுருச்சுன்னா ஜனங்க என்னைய என்ன கேப்பாங்க?" என்றான். அடுத்த மாசமும் அதையே சொன்னான்.

சத்தம் உள்ளுக்குள் இருந்தபோது அவளுக்குத் துணையாக அந்தச் சத்தமாவது இருந்தது. இப்போது அது ஊரோடு போய்விட்டது. நோவு மட்டும் அவளோடு தங்கியது. முந்நூறு பேருக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறவள் அவ்வளவு தனியாக இருக்க முடியுமா என்று கேட்டால், அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றுதான் சொல்ல வேண்டும். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டிருப்பார்கள். அவள் முகத்தைப் பார்க்க ஒரு கண்ணும் இருக்காது.

ஒரு ஜோடிக் கண் மட்டும் இருந்தது. பக்கத்துத் தார் மிசினில் பதினோரு வருசமாக உட்காருகிற ராமாத்தாள், பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, துளசிமணியையே கலக்கத்தோடு பார்த்துக்கொண்டிருப்பாள். துளசிமணி பார்த்தால் சட்டென்று கண்ணை மூடிக்கொள்வாள்.

புரட்டாசியில் ஒரு புதன்கிழமை துளசிமணியால் எழ முடியவில்லை. வேலைக்கும் போகவில்லை. மத்தியானம் தறிகள் அடித்துக்கொண்டிருக்க, வீட்டில் அவள் மட்டும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கதவு திறந்து வெளிச்சம் விழுந்தது. திரும்பினால் ராமாத்தாள். கையில் ஒயர் கூடை. கூடைக்குள் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், ஒரு பன் பாக்கெட், நாலு சாத்துக்குடி.

ராமாத்தாள் கூடையை இறக்கிவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தறிக்கு மேலே பேசுகிற குரலில் ஓவென்று ஆரம்பித்தாள். "எத்தன நாளாச்சு அம்மிணி டாக்டர் கைவிட்டு? எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா? ஊரே தெனமும் வந்து உக்காருது, கண்ணை மூடிச் சாமி கும்புடுது, ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டேங்கறாங்க. எத்தன நாள் கெடு குடுத்திருக்காங்க?"

"அக்கா, அவிய எல்லாரும் சத்தம் கேக்க வர்றாங்கக்கா" என்றாள் துளசிமணி.

"ஆ?"

"சத்தங்கக்கா. என்ர காதுல இருந்து வருதில்ல?"

ராமாத்தாள் அவள் உதட்டையே பார்த்தாள். பார்த்துவிட்டு, அவசரமாகத் தலையாட்டினாள், எப்போதும் பட்டறையில் எல்லோரிடமும் ஆட்டுகிற மாதிரி. அந்தத் தலையாட்டலைப் பதினோரு வருசமாகப் பார்த்த துளசிமணிக்கு அப்போதுதான் விளங்கியது. எல்லோரும் கையால் பேசுகிற ஊரில், எல்லோரும் கத்திப் பேசுகிற ஊரில், ராமாத்தாளுக்குக் காது போய் எத்தனை வருசமாயிற்றென்று ஒருவருக்கும் தெரியாது. ஊர் முழுக்க வந்து கேட்டுவிட்டுப் போன அதிசயம் அவளுக்கு எட்டவே இல்லை. அவள் பார்த்ததெல்லாம், நாற்காலியில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒரு பெண்ணையும் அவளைச் சுற்றிக் கண்ணை மூடியிருக்கிற ஜனங்களையும்தான். அதைப் பார்த்தால் வேறென்ன நினைப்பார்கள்? சாகக்கிடக்கிறாள் என்று நினைத்து, முறைப்படி விசாரிக்க வந்துவிட்டாள்.

துளசிமணி கையை ஆட்டினாள்: சாகமாட்டேன். ராமாத்தாள் நெஞ்சில் கைவைத்து மூச்சுவிட்டாள். அப்புறம் ஏன் படுத்திருக்கிறாய் என்று புருவத்தால் கேட்டாள். துளசிமணி சொல்லக் கையைத் தூக்கினாள், தூக்கிய கை அப்படியே நின்றது. நோவுக்கு அந்த ஊர்க் கைப்பேச்சில் சைகை இல்லை.

ராமாத்தாள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு இரண்டு கை விரல்களையும் கோத்துப் பின்னினாள். நூல் சிக்கிக்கொண்டால் காட்டுகிற சைகை. பின்னின விரல்களைத் துளசிமணியின் தோளுக்கு நேரே கொண்டுபோய்க் காட்டினாள். இங்கேயா?

துளசிமணி தலையாட்டினாள்.

கழுத்துக்கு நேரே. இங்கேயா? ஆமாம். இடுப்புக்கு நேரே. இங்கேயும். முழங்கைக்கு, முழங்காலுக்கு, நெஞ்செலும்புக்கு, பிடரிக்கு. தார் சுற்றுகிறவளின் பொறுமையோடு, சிக்கலைத் தேடிப்போகிற கையோடு, ஒவ்வொரு இடமாக ராமாத்தாள் கேட்டுக்கொண்டே போனாள், ஒவ்வொன்றுக்கும் துளசிமணி தலையாட்டிக்கொண்டே வந்தாள், பதினெட்டும் முடிகிறபோது அவளுக்குத் தலையணை நனைந்திருந்தது. ஆறு வருசம் காத்திருந்த கேள்வி, ஒருமுறைக்குப் பதினெட்டு முறையாக வந்து சேர்ந்தது.

"பதனெட்டா! ஐயப்பன் கோயில் படியாட்ட இருக்குதே" என்று ராமாத்தாள் கத்தினாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்தால் விலா நொந்தது, அதற்கும் ராமாத்தாள் விரலைப் பின்னிக் காட்டினாள், அதற்கு இன்னும் சிரிப்பு வந்தது.

பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, தணிந்ததா இல்லையா என்று தெரியாமல், ராமாத்தாள் சொன்னாள்: "காது போயி எட்டு வருசமாச்சு அம்மிணி. தெரிஞ்சா வேலைய விட்டு நிறுத்திருவாங்கன்னு சொல்லல. ஆனா உள்ளார ஒரு தறி ஓடுது. கரண்டு போனாலும் நிக்காது. படுத்தாலும் நிக்காது. யார்கிட்டச் சொல்றது?"

துளசிமணி மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். கூந்தலை ஒதுக்கினாள். ராமாத்தாளின் தலையைப் பிடித்து, அவள் காதோடு தன் காதைச் சேர்த்து வைத்தாள். கன்னத்தெலும்பு நொந்தது, பரவாயில்லை. முதலில் தன் சத்தம்தான் கேட்டது. பிறகு அதற்கு அடியில், வெகு தூரத்தில், கதவை மூடிய ஒரு பட்டறைக்குள் ஒற்றைத் தறி, தடக்கு தடக்கென்று, ஆளில்லாமல் ஓடிக்கொண்டிருப்பது கேட்டது. எட்டு வருசமாக அதை நிறுத்த ஒருவரும் போகவில்லை. ராமாத்தாளும் கண்ணை அகல விரித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள், ஒருமுறை வாயைத் திறந்து, கொதிக்கப்போகிற தண்ணீரைப் பார்த்த மாதிரி, "அடுப்ப அணைச்சுட்டியா?" என்றாள்.

ஆறு மணிக்குத் தறிகள் நின்றன. கூட்டம் வந்தது, கதவு சாத்தியிருந்தது, சாத்திய கதவு வழியாகச் சத்தம் வந்தது. "இன்னிக்கு ரெண்டு சத்தமாக் கேக்குது" என்றான் ரங்கராஜ். எல்லோரும் உன்னித்துக் கேட்டுவிட்டு ஆமாம் என்றார்கள். யாரும் கதவைத் தட்டவில்லை. மறுநாள் காலையில் ஊர் இரண்டாவதாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து முதல் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டது.

அன்றைக்கு எட்டு மணிக்கெல்லாம் துளசிமணி குளித்து, மிதுனாவுக்குச் சடை பின்னி, சாமி படத்துக்குப் பின்னாலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து, டாக்டர் சீட்டோடு ஒயர் கூடையில் வைத்துக்கொண்டாள். பன்னையும் வைத்துக்கொண்டாள். வாசலில் ராமாத்தாள் வேலைக்குப் போகிற சேலையைக் கட்டாமல், விசேசத்துக்குக் கட்டுகிற சேலையில் நின்றாள். அவளும் காதைக் காட்டப் போகிறாள்.

"ஈரோட்டுக்கா? சாயங்காலம் ஆறு மணிக்குள்ள வந்துருவியா?" என்றான் சென்னியப்பன். "ஜனங்க வருவாங்களே."

"வந்தா உக்காரச் சொல்லுங்க மாமா. நாற்காலிதான் ரெண்டு இருக்குதல்ல?"

நாச்சாயம்மாள் வாயைத் திறந்தாள். துளசிமணி மூக்கின்மேல் விரல் வைத்துக் காட்டினாள்: முதலாளி வருகிறார். மாமியார் பழக்கத்தில் திரும்பிப் பார்ப்பதற்குள் இருவரும் தெருமுனையைத் தாண்டிவிட்டார்கள்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும், தறிச்சத்தம் பின்னால் போகப் போக, பக்கத்து சீட்டுக் குழந்தை ஒன்று துளசிமணியைப் பார்த்துக் கொட்டாவி விட்டுத் தூங்கிப்போனது. மாத்திரை சத்தத்தை நிறுத்துமோ நிறுத்தாதோ, டாக்டர் என்ன சொல்வாரோ, அது அவளுக்குத் தெரியாது. ரோடு குண்டும் குழியுமாக இருந்தது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவள் பல்லைக் கடிப்பதை ராமாத்தாள் பார்த்தாள். தோளைப் பிடித்துக்கொள்ளக் கையை நீட்டியவள், தொட்டாலும் நோகும் என்பது ஞாபகம் வந்து நிறுத்தினாள். எடுக்கவும் இல்லை. தோளுக்கு மேலே ஒரு நூல் போகிற இடைவெளி விட்டு, தொடாமல், கையை அப்படியே பிடித்துக்கொண்டு வந்தாள், ஈரோடு வருகிறவரைக்கும்.